வலி வந்தால் பாட்டு வரும்

முழங்கால் அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்த அன்றைக்கே தையற்காரர் தனக்கு ஒரு பேண்ட் வெட்டிவிட்டார். வீங்கி, மடங்கியபடியே இறுகிப்போன இடது முழங்காலுக்காகப் இருபது வருடமாக அந்தப் பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் அகலம் விட்டுத் தைத்துப் போட்டவர் அவர். இந்த முறை இரண்டு காலும் ஒரே அளவு!

"முதல்ல கால் நேராகட்டும், அப்புறம் தைக்கலாம்" என்றாள் மனைவி. யார் கேட்டது? மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

பிறவியிலேயே அவருக்கு ஹீமோபிலியா. ரத்தத்தை உறைய வைக்கும் பொருள் ஒன்று உடம்பில் இல்லை. ஊசியில் ஏற்றினாலோ, வந்த விருந்தாளியைத் திருடன் என்று நினைத்து விரட்டுகிற மாதிரி உடம்பே அதை அழித்துவிடும். அதனால்தான் இத்தனை வருடம் எந்த டாக்டரும் கத்தியைத் தொடவில்லை. இப்போது ரத்த நோய் டாக்டரம்மா வேறொரு மருந்து வரவழைத்திருந்தார். அந்தப் பொருள் இல்லாமலே சுற்றுவழியில் ரத்தத்தை உறைய வைக்கும் மருந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஊசி. அதையும் மீறி உள்ளே கசிந்தால் புது மூட்டும் போகும், உயிருக்கும் உத்தரவாதமில்லை.

மனைவியின் பயம் வேறு. சின்ன வயதில் அவருக்கு வலி என்றாலே ஆஸ்பத்திரிதான், விளையாட்டு போச்சு. அதனால் வலியை மறைக்கப் பழகிவிட்டார். முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்துவிடுவார். ஆனால் வலி வந்தால் தன்னை அறியாமல் மூக்கால் ஒரு மெட்டு முனகுவார். அது அவருக்கே தெரியாது. பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியும்.

அறுவை முடிந்தது. கால் நேராகிவிட்டது! கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "பேண்டை எடுத்துட்டு வந்தியா?"

மூன்றாம் நாள் காலை, எல்லாம் நன்றாக இருக்கிறதென்று ஊசியை மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக்கினார்கள். மதியம் அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோது கட்டிலில் மெல்ல அந்த மெட்டு கேட்டது.

"வலிக்குதாங்க?"

"சேச்சே, சூப்பரா இருக்கேன்."

அவள் நடைவழியில் ஓடினாள். "டாக்டர்! அவர் பாடுறாரு!"

"பாடட்டுமேம்மா, நல்லதுதானே?"

"ஐயோ, அவருக்கு வலிச்சாத்தான் டாக்டர் பாட்டே வரும்!"

டாக்டரம்மா ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் அவளுக்கு முன்னால் ஓடினார். கட்டைத் தளர்த்திப் பார்த்தால் முழங்கால் சுடுகிறது, வீங்கத் தொடங்கியிருக்கிறது. உடனே ஊசி, மறுபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தன் வாயால் பிழைத்தார்.

பேண்டோடு பையில் வந்திருந்த இன்ச் டேப் அப்போதுதான் கைகொடுத்தது. ஒவ்வொரு ஊசிக்கும் அவள் முழங்காலை அளந்தாள். பதினேழேகால். மறுபடியும் பதினேழேகால். சாயங்காலம் பதினேழு! "டேப்பை இழுத்துப் பிடிக்காத, அளவு தப்பாயிடும்" என்று கட்டிலிலிருந்தே தொழில் சொல்லிக்கொடுத்தார் அவர். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பதினோராம் நாள், புதுப் பேண்டைப் போட்டுக்கொண்டு, நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றார். அவள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"நீங்க இவ்வளவு உயரமாங்க?"

அவர் மூக்கிலிருந்து அந்த மெட்டு கிளம்பியது. அவ்வளவுதான்! நர்ஸ் ஊசியை எடுக்கத் திரும்பினாள், டாக்டரம்மா முழங்காலைப் பிடித்துப் பார்க்கக் குனிந்தார், மனைவி டேப்பை உருவினாள். "எங்கங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல. இது சும்மா பாட்டு" என்றார் அவர். பிறகு வாயைத் திறந்தே பாடினார். அந்த மெட்டுக்கு வார்த்தைகளும் உண்டு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.