புலமைப்பரிசிலுக்கு நான் நிரப்பிய விண்ணப்பங்கள்

பிறர் பிள்ளைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவருக்கு இரண்டு வேலை: ஒன்று நிரப்புவது, மற்றது, முடிவு வந்தபிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது. இரண்டாவது வேலையை என்னைப்போல நீங்களும் செய்திருந்தால், கீழே உள்ளவை உங்களுக்குப் புதிதாக இராது.

நான் யாழ்ப்பாணம் டவுனில் இருந்து தீவுப்பக்கம் ஊர்காவற்றுறைப் பாடசாலைக்குப் பஸ்ஸில் வந்து ஆங்கிலம் படிப்பிக்கிறவள். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும் அரச பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிடும் பிள்ளைகள் வருசத்துக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். கொழும்பிலுள்ள பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் திறமைக்குக் கொடுக்கும் புலமைப்பரிசில்தான் அவர்களுக்கு மிச்சமுள்ள வழி.

பெரிய சொல்

டிலானியின் தகப்பன் கடற்றொழிலாளி. அவருக்குக் கை முறிந்த வருசம், அவளும் தாயும் வலையிலிருந்து நண்டு கழற்றி விற்றுத்தான் வீடு நடந்தது. விண்ணப்பத்தில் 'நீர் கடந்துவந்த கஷ்டம்' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். அவள் நண்டு கடித்த விரலைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். நான் அதைத் 'திருத்தினேன்'. நண்டு போய்விட்டது. 'மீண்டெழும் திறன்' என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெரிய சொல் மூன்று இடத்தில் வந்து உட்கார்ந்தது.

நேர்முகத்தில் முதல் கேள்வியே அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதுதான். பிள்ளைக்கு அது தெரியாது; புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. திரும்பி வந்து என்னோடு கோபிக்கவும் இல்லை. "நண்டைப் பற்றிக் கேட்டிருந்தா நான் நிப்பாட்டாமல் கதைச்சிருப்பன், ரீச்சர்" என்றாள்.

நற்சான்றிதழ்

எங்கள் பழைய அதிபர் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நற்சான்றிதழ்தான் கொடுப்பார். பெயரை மட்டும் மாற்றுவார். ஒருமுறை அதையும் மாற்ற மறந்துவிட்டார்; நானும் வாசிக்காமல் அனுப்பிவிட்டேன். யாழினிக்காகப் போன கடிதத்தில் போன வருசத்து ரமேஸ் பணிவும் ஒழுக்கமும் உள்ளவனாக இருந்தான். பல்கலைக்கழகம் கடிதத்தைத் திருப்பி அனுப்பியது. திருத்தி அனுப்புவதற்குள் முடிவுத் திகதி போய்விட்டது. நான் அதிபரிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்துவிட்டுச் சொன்னார்: "பேர்தானே ரீச்சர் பிழை, குணம் சரிதானே."

சோளகம்

நெடுந்தீவுப் பிள்ளை சுகன்யாவுக்குக் கொழும்பில் வெள்ளிக்கிழமை காலை நேர்முகம். கடல் கடந்து, பிறகு பஸ் பிடித்துப் போகவேண்டும். புதன்கிழமையே புறப்படட்டோ என்று தாய் போனில் கேட்டார். "சோளகக் காத்து எழும்புது ரீச்சர்" என்றும் சொன்னார். தென்மேற்கிலிருந்து வீசிக் கடலைக் குழப்பும் காற்று அது. வியாழக்கிழமை பாடசாலையில் அவளை ஒத்திகை பார்க்கச் சொல்லியிருந்த நான், "வியாழன் காலைப் படகில வந்தாலே போதும் அக்கா, ஒத்திகை முடிய நேரே கொழும்பு பஸ்ஸில ஏத்திவிடலாம்" என்றேன்.

வியாழக்கிழமை படகே ஓடவில்லை. வேறு நாள் தரச்சொல்லி எத்தனையோ தரம் போன் பண்ணினேன். இடங்கள் நிரம்பிவிட்டன என்றார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் தாயோடு கதைத்தேன். அவர், "கடலைப் பற்றி நீங்கள் சொல்ல நான் ஏன் ஓம் எண்டனான் எண்டுதான் யோசிக்கிறன்" என்றார்.

வாசிக்காத பக்கம்

கேசவன் வென்றான். நயினாதீவில் ஒரு சின்னக் கோயில் ஐயரின் மகன். முழுக் கட்டணமும் விலக்கு. பாடசாலையில் மாலை போட்டோம். நானும் படத்தில் நிற்கிறேன்.

இரண்டாம் வருசம் தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பூசைக்கு வேறு ஆள் இல்லை. கேசவன் ஒரு மாதம் வந்து நின்றான். அதற்குள் பல்கலைக்கழகச் சோதனை நடந்து முடிந்தது, எழுதாததால் புலமைப்பரிசிலை வெட்டிவிட்டார்கள். பிறகுதான் அந்த நிபந்தனைகளை எடுத்துப் பார்த்தேன். வீட்டில் நோய் வருத்தம் என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்தால் சோதனையைப் பின்னுக்குப் போடலாம் என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. அவனுக்கு நான் வாசித்து விளங்கப்படுத்தியது முதல் பக்கத்தை மட்டும்.

இப்போது அந்தக் கோயிலில் அவன்தான் பூசை. நேரே போய் உண்மையைச் சொன்னேன். அருச்சனைத் தட்டை என் கையில் தந்துவிட்டு, "அடுத்த பிள்ளைக்கு அந்தப் பக்கத்தை முதல் வாசிச்சுக் காட்டுங்கோ, ரீச்சர்" என்றான்.

இப்போது நான் நிரப்பும் விண்ணப்பங்களில் ஒரு பிழையும் வருவதில்லை. அந்த அளவுக்கு நான் படித்து முடிக்க, நாலு பிள்ளைகளின் படிப்புப் போயிற்று.