தலைவரம்மா கேட்காமல் விட்ட கேள்வி

ஊராட்சி அலுவலகச் சுவரில் அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. போன வாரம் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தேன். பச்சைப் பெயின்ட், வெள்ளை எழுத்து. தலைவர் பெயர், எந்த ஆண்டிலிருந்து, எந்த ஆண்டு வரை என்று மூன்று கட்டம். முதல் மூன்று வரிசையிலும் ஒரே பெயர், பழைய தலைவருடையது. அடுத்த இரண்டில் தலைவரம்மா. அதற்குக் கீழே மறுபடியும் பழைய தலைவர். கடைசி வரிசை காலி. பலகையை எழுத வைத்தவரே தலைவரம்மாதான். தன் பெயரோடு கோடு போடுவதை நிறுத்தப் பார்த்த பெயின்டரிடம், "அடி வரைக்கும் கோடு போட்டு வைப்பா, பின்னாடி ஆளு வருவாங்க இல்ல" என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அப்போது அந்த ஊரில் நான் ஊராட்சிச் செயலர். காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். தினமும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிற என் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். தலைவர் பதவி ஆதிதிராவிடப் பெண்களுக்கு என்று பத்து ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டபோது, வாலாஜாபாத் ரைஸ் மில்லில் நெல் காய வைத்துக்கொண்டிருந்த தலைவரம்மா நின்று ஜெயித்தார். இரண்டாம் முறையும் ஜெயித்தார். ஐந்தாவதுதான் படித்திருந்தார். ஆனால் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் விரலை வைத்து வரிவரியாக, வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். யாராவது வந்து இதற்கு ரூல் இல்லை, அதற்கு ஆர்டர் இல்லை என்று பேசினால் ஒரே கேள்வி: "எங்க எழுதி இருக்குது, காட்டு." வட்டார அலுவலகத்து அதிகாரியிடமே அப்படிக் கேட்டிருக்கிறார். அந்த அதிகாரி முகம் சிவந்துபோய் ஃபைலைத் தேடியதைப் பார்த்து எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

எனக்கு எதற்கும் வேர்க்கும். தோளில் பல்லி விழுந்தால் வரதர் கோயிலுக்கு ஓடி, தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும் எங்கள் வீட்டில். அப்பேர்ப்பட்ட வீரர்களின் வாரிசு நான். அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்து ஆண்டுகளில் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவருடைய துணிச்சல் என்று பிறகுதான் தெரிந்தது.

பத்து ஆண்டு முடிந்து புதிய பட்டியல் வந்தது. எங்கள் ஊருக்கு நேரே "பொது" என்று போட்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய தலைவர் இரண்டு பேரோடு என் வீட்டுக்கே வந்தார். அதற்கு முன்னால் அவர் என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. தறியில் உட்கார்ந்திருந்த என் அப்பாவிடம் சேலைக்கரை அழகாக இருப்பதாகச் சொன்னார். காபியை வாங்கி முழுசாகக் குடித்தார். பிறகு என் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா வளந்துட்ச்சுபா. எட்டே கால் பஸ்ஸுல தானே ஸ்கூலுக்குப் போவுது? அந்த வளைவுல ரோட்டோரமா நிக்குது. லாரி வர்ற ரோடு, பாத்துக்கோ" என்றார்.

நான் அவரிடம் பஸ் நேரம் சொன்னதில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே வந்த விஷயத்தைச் சொன்னார். "அந்தம்மா ரெண்டு தபா இருந்துட்ச்சு, போதும். அமெரிக்காவுலயே ரெண்டு தபாவுக்கு மேல நிக்க முடியாதாம், டிவில சொன்னான். சட்டம் இடம் குடுக்காதுன்னு நீயே சொல்லிடு. நீ சொன்னா அது கேக்கும்." மூன்று தபா இருந்த மனிதர் இதைச் சொல்கிறார். "சரிங்கய்யா" என்றேன்.

மறுநாள் தலைவரம்மா அலுவலகத்துக்கு வந்தார். குடையை மூலையில் சாத்திவிட்டு நின்றபடியே கேட்டார். "பொதுன்னு போட்டுக்கிறாங்களேப்பா. பொதுன்னா எல்லாரும் தானே? ரெண்டு தபா இருந்தவங்க மறுபடி நிக்கலாமா, கூடாதா?"

நிற்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். பொது என்றால் அவரும் நிற்கலாம். சட்டப் புத்தகம் என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. நான் ஒரு ஃபைலைப் பிரித்து, அதைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு முறைக்கு மேல சட்டத்துல இடமில்லம்மா" என்றேன். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பார், சர்க்குலர் இன்னும் வரவில்லை என்று சொல்ல வேண்டும் என ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஃபைலைப் பிடித்திருந்த என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிப்பா" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து ஆண்டில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது அந்த ஒரு நாள்தான்.

பழைய தலைவர் போட்டியின்றி வந்தார். நான் கெஞ்சிக் கூத்தாடி வேறு ஊராட்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். அப்படியும் மகள் பள்ளி முடிந்து வீடு திரும்பும் வரை தினமும் வீட்டுக்கு ஃபோன் போட்டுக்கொண்டே இருப்பேன். நான் பொய் சொல்லி ஏமாற்றிவிட்ட அந்த அம்மாவின் முகம் வேறு வந்து நிற்கும். பல்லி தோஷத்துக்குப் பரிகாரம் இருக்கிறது. இதற்கு எங்கே போய் எதைத் தொடுவது?

அந்த மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் தலைவரம்மா பெயரை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்தேன். கடைசியில் போன வாரம் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனேன். முடி நரைத்திருந்தது, குரல் அப்படியேதான். பத்திரிகையை மடியில் வைத்து, விரல் வைத்து, மண்டபத்து விலாசம் வரைக்கும் வாய்விட்டுப் படித்தார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா" என்றேன்.

"தெரியும்பா" என்றார். "எம் புள்ள கம்பெனி பஸ்ஸுக்கு எங்க நிக்கறான், எத்தினி மணிக்கு நிக்கறான்னு, உன்கிட்ட கேக்க வர்றதுக்கு முன்னாடியே என்கிட்டயும் வந்து சொல்லிட்டுத்தான் போனாரு அந்த ஆளு."

"அப்புறம் ஏம்மா எங்க எழுதி இருக்குதுன்னு கேக்கல?"

"கேட்டா நீ புக்கை எடுக்கணும். எடுத்தா அதுல நிக்கலாம்னு இருக்கும். அப்புறம் நான் நிக்கணுமே. நிக்கலாம்மான்னு நீ ஒருத்தன் சொல்லியிருந்தா துணிஞ்சிருப்பேனோ என்னமோ. உன் கை நடுங்கினதைப் பாத்துட்டு எனக்கும் பயம் வந்துட்ச்சு."

இத்தனை நாள் என் பொய் அவரைத் தடுத்தது என்று நினைத்திருந்தேன். பொய்யை அவர் நம்பவே இல்லை. என் பயத்தைத்தான் நம்பினார்.

அவர் பத்திரிகைக் கவரை என் பக்கம் தள்ளினார். "இப்ப எலெக்‌ஷன் வரப்போவுதுன்றாங்க. இன்னும் பொதுவுலதான் இருக்குது. இப்ப கேக்கறேன். எங்க எழுதி இருக்குது, காட்டு."

புத்தகம் கையில் இல்லை. மஞ்சள் தடவிய அந்தக் கவரின் பின்புறத்தில், "எத்தனை முறை தலைவராக இருந்தவரும் மீண்டும் போட்டியிடலாம், தடை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் விரலை வைத்துப் படித்தார். "கை இன்னும் நடுங்குதேப்பா" என்றார். "நடுங்குதும்மா" என்றேன்.

ஊராட்சி அலுவலக வாசலில்தான் பஸ் நிற்கும். பஸ் வரும் வரைதான் ஜன்னல் வழியாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. பழைய தலைவரின் மகன்.

"என்ன சார், இந்தப் பக்கம்?"

"பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தேன்."

"யார் வூட்டுக்கு?"

உள்ளங்கை வேர்த்தது. கல்யாணத்துக்கு முழுசாக இன்னும் இருபது நாள் இருக்கிறது. மகள் இப்போதும் அதே ரோட்டில்தான் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள்.

"தலைவரம்மா வூட்டுக்கு" என்றேன்.

"தலைவரம்மாவா? எந்தத் தலைவரம்மா?"

ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பலகையில் இருந்த அவர் பெயரைக் காட்டினேன். விரல் நிலையாக நிற்காமல் நடுங்கி நடுங்கி, அந்தக் காலி வரிசைக்கும் சேர்த்தே போய் வந்தது. நான் கையை எடுக்கவில்லை.