அண்ணன் என்னிடம் கேட்காத கேள்வி

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த நினைவு மலரில் எழுதியதில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது காரைக்காலில். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. ஏழு வயதில் அண்ணனைத் தத்தெடுத்துப் பாரிசுக்கு அழைத்துப்போனார். மொழி தெரியாமல் பள்ளியில் அழுத அண்ணன், அங்கேயே படித்து, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வக்கீலானார். கொலை வழக்குகளும் நடத்தினார். "நீ செய்தாயா?" என்று எவரிடமும் கேட்கமாட்டார். அந்த நாளைக் காலையிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்வார்.

எனக்கு அவர் தேவைப்பட்டது, நான் வேலைக்குப் போயிருந்த அமீரகத்துப் புஜைராவில். எண்ணெய்த் தொட்டி கட்டும் சைட்டில் நான் ஸ்டோர் பார்த்தேன். சாமான் வரும் முன்பே ரசீதில் கையெழுத்து வாங்கிவிடுவது அங்கே பழக்கம்.

"போடு பாய், நாளைக்கு வந்துரும்" என்பார் ஃபோர்மேன். அங்கே எல்லோருமே 'பாய்'தான்.

இருபது பாதுகாப்பு பெல்ட்டுகளுக்கும் அப்படித்தான் போட்டேன். பெல்ட் வரவில்லை. நான்காம் நாள், எங்கள் கேம்ப்பைச் சேர்ந்த ஒருவர் தொட்டியின் மேலிருந்து விழுந்து இறந்துபோனார். வந்த பெல்ட்டுகளை நான் வெளியே விற்றுவிட்டதாகக் கம்பெனி சொன்னது. போலீஸ் என்னைப் பிடித்தது.

அண்ணன் உடனே வந்தார். வெளிநாட்டு வக்கீல் அந்தக் கோர்ட்டில் பேச முடியாது. உள்ளூர் வக்கீலை அமர்த்திவிட்டு, ஜெயிலில் என்னைப் பார்த்தார்.

"அந்த ஆள் விழுந்த அன்னிக்குக் காலைல என்னடா சாப்பிட்ட?"

"நான் விக்கலண்ணே."

"அதக் கேக்கல. என்ன சாப்பிட்ட?"

"குப்பூஸ் ரொட்டியும் பருப்பும்ணே."

"பெரிய விருந்துதான். அப்பறம்?"

கூடப்பிறந்தவரே நம்பவில்லையோ என்று பயந்தேன். தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டே வந்தபோது, அன்று ஷூக்கள் வந்து இறங்கியதையும் சொன்னேன்.

"அதுக்குக் கையெழுத்து எப்பப் போட்ட?"

"ரெண்டு வாரம் முந்திண்ணே."

அதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் பேனாவைத் திறந்தார்.

ஷூ கொண்டுவந்த டிரைவர் டெலிவரி சீட்டோடு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார். அதிலிருந்த தேதியையும் என் கையெழுத்தின் தேதியையும் உள்ளூர் வக்கீல் நீதிபதியிடம் காட்டி, சாமான் வரும் முன்பே கையெழுத்து வாங்கும் பழக்கத்தை நிரூபித்தார். பெல்ட்டுகளுக்கு அப்படி ஒரு சீட்டைக் கம்பெனியால் காட்ட முடியவில்லை. எத்தனையோ பேருக்காகப் பேசிய அண்ணன், தம்பிக்காகப் பேச முடியாமல் பார்வையாளர் பெஞ்சில் கைகளை முழங்காலுக்கிடையில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு விடுதலை கிடைத்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏண்ணே, வித்தியான்னு ஒரு வார்த்த கேக்கல?"

"மத்தவங்ககிட்ட கேக்காதது தொழில்டா. உன்கிட்ட கேக்காதது பயம். ஆமான்னு சொல்லிட்டா நான் எங்கடா போவேன்?"

அதன்பின் நுரையீரல் நோயில் படுக்கும்வரை அண்ணன் கோர்ட்டுக்குப் போய்வந்தார். மருத்துவமனையில் கடைசிவரை கூடவே இருந்த அண்ணிக்கு நன்றி. நான் உள்ளே இருந்தபோது வீட்டுக்குத் தைரியம் சொன்ன ரூம் நண்பர்களுக்கும், உள்ளூர் வக்கீலுக்கும் நன்றி. வேலை போகலாம் என்று தெரிந்தும் சாட்சி சொன்ன டிரைவருக்கு நன்றி. அவர் இன்னும் அங்கேதான் வண்டி ஓட்டுகிறார். அதனால் பெயரை எழுதவில்லை.

விழுந்து இறந்தவரின் மனைவிக்கும் இந்த நினைவு மலரில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அம்மா, பெல்ட்டை நான் விற்கவில்லை. ஆனால், வராத பெல்ட்டை வந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அண்ணன் என்னைக் காப்பாற்றிவிட்டார். உங்களிடம் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.