ரெமிஜியஸின் நன்றியுரை

ரிச்சர்ட்ஸ் டவுனை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருக்கும் ரெமிஜியஸ், தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நன்றியுரைக்கு அவரைத்தான் தேடுவார்கள். மாதா கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, யாருக்காவது வழியனுப்பு விழா, எதுவானாலும் 'ரெமியைக் கூப்பிடு, இங்கிலீஷில் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வார்' என்பார்கள். தலைமை தாங்க மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அது அவருக்கு உறைத்ததும் இல்லை.

நன்றி சொல்ல அவரிடம் சொந்தமாக ஒரு தராசு இருந்தது. நாற்காலி எடுத்துப் போட்டவர் கைண்ட். எல்லோருக்கும் காபி வாங்கித் தந்தவர் வெரி கைண்ட். ஷாமியானா செலவை ஏற்றுக்கொண்டவர் ஜெனரஸ். பள்ளிக்கு ஒரு வகுப்பறையையே கட்டிக் கொடுத்தவர் மக்னானிமஸ். பெருந்தன்மையின் உச்சமான இந்தக் கடைசி வார்த்தையை அவர் லேசில் வெளியே எடுக்கமாட்டார். கார்ப்பரேட்டர் ஒருவர் எவ்வளவோ கொடுத்துப் பார்த்தும் கிரேஷியஸோடுதான் திரும்பிப் போனார்.

ஆனால் இந்தப் பாழாய்ப்போன வார்த்தைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கொடுத்தவன் கையைப் பார்க்கும், அந்தக் கை முதலில் யார் வீட்டுக்குள் நுழைந்து வந்தது என்று பார்க்காது. அது ரெமிஜியஸுக்குப் புரிய அறுபத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது.

சந்துக்குப் பின்னால் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பியது. அவர்கள் பாதாளம் வரைக்கும் இரண்டு போர்வெல் போட்டார்கள். அடுத்த கோடையில் சந்தின் பொதுப் போர்வெல் தண்ணீருக்குப் பதில் காற்றைக் கக்கியது. எத்தனையோ வருடமாக வற்றாமல் ஓடியது, இவர்கள் வந்ததும் நின்றுவிட்டது. காரணம் புரிந்த நாலைந்து பேர் கொதித்தார்கள். குடியிருப்புச் சங்கத்துக்கு மனு கொடுப்பதென்று முடிவாயிற்று. யார் எழுதுவது? ரெமிஜியஸ்தான்.

அங்கேதான் குடி கெட்டது. பழைய கன்டோன்மென்ட் பள்ளியில் பழகிய கை அது. கைண்ட்லி இல்லாமல் ஆரம்பிக்கத் தெரியாது, ஆப்லைஜ் இல்லாமல் முடிக்கத் தெரியாது. எங்கள் தண்ணீர் எங்கேடா என்று கேட்க வேண்டிய இடத்தில், தங்கள் பெருந்தன்மையை நம்பி வந்திருக்கிறோம், கருணை கூர்ந்து ஆவன செய்யுங்கள் என்று எழுதிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது மரியாதை. மனுவைப் பார்த்த அடுக்குமாடிக்காரர்கள் அதைப் பிச்சை என்று எடுத்துக்கொண்டார்கள். போர்வெல்லைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. வாரத்துக்கு மூன்று முறை அவர்கள் அனுப்பிய தண்ணீர் டேங்கர் ஒன்று வந்து நின்றது. டேங்கரின் மேல் பேனர், இங்கிலீஷில்: 'கருணையின் ஒரு செயல்'.

அந்த பேனரை ரெமிஜியஸ் இரண்டு தடவை படித்தார். அவர் மனுவில் எழுதிய அதே கைண்ட்னஸ், எட்டு அடி நீளத்துக்கு. அவர் மனைவி பிலோமினா முழங்கால் வலியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். எதிர் வீட்டில் பூக்கட்டி விற்கும் வள்ளியம்மா, "இன்னும் ஒரே ஒரு கொடம் புடிச்சிக்கிறேன்பா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று டிரைவரிடம் கெஞ்சினாள். நம் காலடியிலிருந்து உறிஞ்சிய தண்ணீருக்கு நாமே கெஞ்ச வேண்டுமா? யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டார்.

இந்தக் கூத்து போதாதென்று, சந்து நலச் சங்கம் குடியிருப்புத் தலைவர் சேஷகிரிக்குப் பாராட்டு விழா வைத்தது. டேங்கரை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்தான், வேறென்ன. செயலாளர் முனிகிருஷ்ணன் வந்து நின்றார்.

"நன்றியுரை நீங்கதான் சார். இந்தத் தடவை கணக்குப் பார்க்காம மக்னானிமஸ் போட்டுடுங்க."

ரெமிஜியஸ் இரண்டு வழியையும் யோசித்தார். உண்மையைப் பேசினால் டேங்கர் நின்றுவிடும். வழக்கம்போலப் புகழ்ந்தால் போர்வெல்லுக்கு அவரே ஊரறிய முழுக்குப் போட்டதாகிவிடும். பிலோமினாவிடம் கேட்டார். "என் முட்டியைப் பார்த்துப் பேசாதீங்க, மனசுல இருக்கிறதைப் பேசுங்க," என்றாள்.

விழாவில் சேஷகிரிக்கு மைசூர் பேட்டா தலைப்பாகை வைத்தார்கள், சால்வை போட்டார்கள், பழத்தட்டு கொடுத்தார்கள். ஆளாளுக்குப் புகழ்ந்து முடித்த பிறகு ரெமிஜியஸ் மைக்கைப் பிடித்தார். சுத்தமான இங்கிலீஷில் சொன்னார். இவர் கருணை உள்ளவர் அல்ல. தாராளமானவரும் அல்ல. எங்கள் தண்ணீரை எடுத்து, அதில் கொஞ்சத்தை எங்களுக்கே ஊற்றுகிறார். இதற்கு நன்றி சொல்ல எந்த பாஷையிலும் வார்த்தை கிடையாது.

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. நன்றியுரையை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? சந்து மொத்தமும் மைசூர்பாகு பொட்டலத்தை நோக்கி எழுந்துவிட்டது. சேஷகிரி போனிலிருந்து தலையை நிமிர்த்தி, ரெமிஜியஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வெரி கைண்ட் வேர்ட்ஸ், மிஸ்டர் ரெமிஜியஸ்!"

ரெமிஜியஸ் அந்தக் கையை விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பேசிய அத்தனையையும் ஊர்ப் பாஷையான கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, சந்து முனை வரைக்கும் கேட்கும்படி கத்தினார். பொட்டலம் பிரித்தவர்கள் அப்படியே நின்றார்கள். சேஷகிரியின் முகம் கறுத்தது. கையை உதறிக்கொண்டார்.

"ஹெல்ப் பண்ணவங்கள இப்படியா பேசுவீங்க? நாளையிலேர்ந்து டேங்கர் வராது. அப்பறம் தெரியும் உங்களுக்கு."

"கெடுத்தீங்களே சார்!" என்று முனிகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டு சேஷகிரி பின்னால் ஓடினார்.

வள்ளியம்மா மெதுவாகக் கிட்டே வந்தாள்.

"அண்ணா, நெசமாவா? நம்ம தண்ணியா அது?"

"நம்ம தண்ணிதாம்மா."

"இது உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இன்னாத்துக்கு அவங்க கால்ல வுழுந்து எழுதுன?"

ரெமிஜியஸை வெட்கம் பிடுங்கித் தின்றது. சேஷகிரி மேல் இருந்த கோபத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது.

மறுநாள் டேங்கர் வரவேண்டிய முறை; விடியற்காலை, சொன்னபடியே அது வரவில்லை. வள்ளியம்மா காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்குமாடியின் கேட்டை அடைத்து வரிசையாக வைத்தாள். சந்துப் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். பிலோமினா ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ரெமிஜியஸ் குளியலறை பக்கெட்டை எடுத்துக்கொண்டு கடைசி ஆளாகப் போய் நின்றார். ஆபீஸ் நேரம் ஆனதும் உள்ளேயிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று ஹாரன் அடித்தன. யாரும் நகரவில்லை.