கைச்செருப்பு

வில்சன் எவ்வளவு நேரம் இருப்பான் என்பதை அவன் கைச்செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடலாம். கழற்றிக் கண்ட இடத்தில் போட்டால் ஐந்து நிமிஷம். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து, முனைகள் சமமாக இருக்கும்படி விரல்நுனியால் தட்டிவிட்டான் என்றால், வந்த காரியம் முடியாமல் அவனைக் கிளப்ப முடியாது. ஒருமுறை ரயில்வே ஸ்டேஷனில் பெரிய பெட்ரோமாக்ஸ் விளக்கு படுத்துவிட்டது. வில்சன் போய்ச் செருப்பை ஜோடியாக வைத்தான். அதைப் பார்த்த போர்ட்டர் ஒன்றும் கேட்காமல் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கைச்செருப்பு என்பது எங்கள் வீட்டில் வைத்த பெயர். இரண்டு வேப்பங்கட்டைகள், ஒவ்வொன்றும் ஐந்து அங்குல நீளம், மூன்று அங்குல அகலம். மேலே கையை நுழைக்கத் தோல்வார், அடியில் பஸ் டயர் ரப்பர். வில்சன் என் தம்பி. மூன்று வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவன் கால்கள் வளரவில்லை. நாலு பேரிங் மாட்டிய பலகையில் உட்கார்ந்து, இரண்டு கட்டைகளாலும் தரையை உந்திக்கொண்டு போவான். பலகை இருபத்திரண்டு அங்குலத்துக்குப் பதினாறு. தையல் டேப்பால் அளந்துதான் சொல்கிறேன்.

திருத்தணிக் கடைத்தெருவின் நடுப்பகுதியில், வெற்றிலைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் இடையே ஒரு ஆள் அகலத்தில் அவன் கடை இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் ரிப்பேர். அம்மையார்குப்பத்தில் கல்யாணம் என்றாலும், கே.ஜி.கண்டிகையில் நாடகம் என்றாலும், மலைக்குக் காவடி வருகிறது என்றாலும் விளக்கு இவனிடம் வந்துதான் போகும். ஒரு விளக்கைக் கையில் வாங்கினால் முதலில் காதில் வைத்துப் பம்பு அடிப்பான். "இதுக்கு மூக்கடைப்பு" என்பான். ஊசியால் ஒரு குத்து, சரியாகிவிடும். நசுங்கிய விளக்கைக் கொண்டுவருகிறவர்களுக்கு வசவு நிச்சயம். "எரியலன்னு அடிச்சியா? வூட்லயும் இப்படித்தானா?" கொண்டுவந்தவன் சிரித்துவிட்டு நிற்பான். வில்சன் சிரிக்கமாட்டான்.

ஆனால் அது கோபம் அல்ல, அவன் பேச்சே அப்படி. உண்மையான கோபம் வந்தால் அவன் குரல் தாழ்ந்து மரியாதை கூடிவிடும். வில்சன் ஒருவரை 'வாங்க, சொல்லுங்க' என்று உபசரித்தால் நான் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பக்கத்தில் பூ விற்கும் பாஞ்சாலி இதை முதலில் கண்டுபிடித்தவள். "ங்க போட்டுட்டான்டியம்மா, கூடையத் தூக்கு" என்பாள்.

அவனுக்கு இந்த ஊரில் ஆகாத வார்த்தை ஒன்று உண்டு. 'ஓரம் போ.' கட்டைவண்டிக்காரனும் ஜட்காக்காரனும் அவனைப் பார்த்தால் அதைத்தான் சொல்வார்கள். "எத்தினி ஓரம் போறது அக்கா? ஓரத்துல சாக்கடைதானே கீது" என்று என்னிடம் சொல்வான். அவன் உட்கார்ந்தால் தலை வண்டியின் அச்சு உயரத்துக்கு வரும். மற்றவர்கள் வண்டிக்கு ஒதுங்குகிறார்கள். அவன் சக்கரத்தை முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டு ஒதுங்கவேண்டும்.

யுத்தம் முடியும் தறுவாயில் வந்த ஆடிக் கிருத்திகையன்று அந்தத் தெருவில் காவடிக் கூட்டம் நெருக்கியது. அதற்குள், அதே தெருவில் நெல் மண்டி வைத்திருந்த ராஜகோபாலின் பார வண்டி ஒன்று புகுந்தது. நகரியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது. வில்சனின் இடது கைமேல் சக்கரம் ஏறியது. சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கையால் நடப்பவனுக்கு அது விரல் போன கணக்கில் சேராது, கால் போன கணக்கு. மறுநாள் மண்டியிலிருந்து அரை மூட்டை அரிசி வந்தது. ரேஷன் காலத்தில் அரை மூட்டை என்றால் என்ன என்று படிப்பவர்களுக்குத் தெரியும். வில்சன் கொண்டுவந்த ஆளிடம், "ஐயாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க, இத்த எடுத்துகினு போங்க" என்றான். இரண்டு 'ங்க'. நான் மூட்டையைத் தொடவில்லை.

கட்டு அவிழ்த்த வாரமே மனு எழுதச் சொன்னான். கடைத்தெருவை நடக்கிறவர்களுக்கு மட்டும் என்று பஞ்சாயத்து போர்டு விட்டுவிட வேண்டும், வண்டிகள் குளக்கரைப் பக்கமாகச் சுற்றிப் போகட்டும். இதுதான் மனு. எழுதியவள் நான். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான், ஆனாலும் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது. கட்டைவண்டி, ஜட்கா, மோட்டார், சைக்கிள், தள்ளுவண்டி என்று வரிசையாக எழுதினேன். ஏதாவது விட்டுப்போனால் அந்தச் சந்தில் நுழைந்துவிடுவார்கள் என்று, கடைசியில் 'சக்கரம் உள்ள வேறு எதுவும்' என்று சேர்த்தேன். படித்துக் காட்டியபோது வில்சன், "ஆங், இப்பதான் கெட்டியா கீது" என்றான். பலகையை உந்திக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். முந்நூற்றுப் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் இருநூற்று நாற்பத்தொன்று கைநாட்டு.

போர்டு கூட்டத்தில் ராஜகோபாலும் ஒரு மெம்பர். மனுவை அவர் மேசைமேல் போட்டுவிட்டு, "நடக்கிறவங்களுக்குத் தெரு கேக்குறாரு. மொதல்ல இவரு நடந்து காட்டட்டும்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். வில்சன் அறையின் நடுவில் கைச்செருப்பை ஜோடியாக வைத்தான். இரண்டரை மணி நேரம். ஏழுக்கு நாலு என்று தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் அதை எடுத்து மாட்டினான்.

தெருவின் இரண்டு முனையிலும் தண்டவாளத் துண்டு நட்டுச் சங்கிலி கட்டினார்கள். தெலுங்கிலும் தமிழிலும் போர்டு வைத்தார்கள். முதல் நாள் காலை வில்சன் வேட்டியும் சட்டையும் சலவை செய்து போட்டுக்கொண்டு போனான். காவலுக்கு நின்றவர் பஞ்சாயத்து போர்டு பியூன் எல்லப்பன். எங்களுக்குப் பழக்கமானவர், அவர் மகள் கல்யாணத்துக்கு விளக்கு வில்சன்தான். அவர் சங்கிலியை இறக்கவில்லை.

"சக்கரம் கீதே வில்சா" என்றார், தரையைப் பார்த்தபடி. "எதுவும்னு எழுதியிருக்குது. உன்ன வுட்டா மண்டிக்காரரு என் வேலைக்கு ஒல வெச்சிடுவாரு."

எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. வீட்டில் அந்தப் பலகையை யாரும் வண்டி என்று சொன்னதில்லை. காணவில்லை என்றால் அம்மா, "வில்சன் கால் எங்கடி?" என்றுதான் தேடுவாள். நான் எழுதிய வரி இரண்டு பாஷையில் என் தம்பியின் தலைக்குமேல் தொங்கியது. போர்டைப் பிடுங்கிப் போடலாம் என்று இருந்தது. வில்சன் பலகையிலிருந்து இறங்கினான். அதை எல்லப்பனிடம் கொடுத்தான். கட்டைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி முன்னால் வைத்தான். மறுபடி ஊன்றினான்.

போர்டு பிரசிடெண்டு அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஒனக்கு ஒரு பெர்மிட்டு சீட்டு எழுதிடறேன். சங்கிலிய எறக்கச் சொல்றேன். கூடவே மண்டிக்கும் ஒண்ணு குடுக்கணும். கால வேளையில மட்டும் மூட்டை எறக்கிட்டுப் போயிடுவாங்க. உனக்குக் குடுத்துட்டு அவருக்கு இல்லன்னு சொல்ல முடியுமா?"

வில்சன், "ரொம்ப நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

வாங்கிக்கொள்ளும்படி நான் சொன்னேன். அதை மறைக்கவில்லை. சங்கிலியிலிருந்து அவன் கடைக்கு நூற்றுப்பதினெட்டு கெஜம். இருநூற்று எண்பத்தேழு முறை கை ஊன்ற வேண்டும். மூன்று விரலில் இடது கட்டை பிடி நிற்காமல் நழுவும். ஒரு வாரத்தில் உள்ளங்கை வெடித்துவிட்டது. ராத்திரிச் சோறு பிசைய முடியவில்லை. "உனக்குப் பலகை கால்தானேடா. சீட்டு வாங்கினா என்ன தப்பு?" என்று கேட்டேன்.

"நான் வாங்கினா அந்தாளும் வாங்குவான் அக்கா. ரெண்டும் ஒரே பேனாவுல எழுதுவாங்க. அப்புறம் அவன் வண்டி முன்னால போய் இன்னான்னு கேக்குறது?" என்றான். பிறகு, "அடியில கொஞ்சம் பஞ்சு வெச்சித் தெச்சிக் குடு" என்றான். தைத்துக் கொடுத்தேன்.

இது நாலு மாதமாக நடக்கிறது. தூக்கிக்கொண்டு போகிறேன் என்று வந்தவர்கள் பலர். "தூக்கினு போறதுக்கு நான் இன்னா காவடியா?" என்று விரட்டிவிடுவான். வழியில் இரண்டு இடத்தில் நிற்பான். பாஞ்சாலி தூரத்திலிருந்தே, "நீ வந்து சேர்றத்துக்குள்ள என் மல்லி வாடிப்பூடுது வில்சா" என்பாள். "வாடின பூவத்தானே விக்கிற, புதுசாவா?" என்பான்.

தெருவைப் பற்றியும் சொல்லவேண்டும். இப்போது பெண்கள் கடைத்தெருவில் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள். பாஞ்சாலி கூடையைச் சாக்கடை ஓரத்திலிருந்து மூன்றடி முன்னால் கொண்டுவந்துவிட்டாள். மலைக்கு வருகிற தெலுங்குக்காரர்கள் குடும்பத்தோடு தெரு நடுவில் நின்று வளையல் பேரம் பேசுகிறார்கள். வில்சன் அதையெல்லாம் விளக்கைத் துடைத்தபடி பார்ப்பான். கேட்டால், "ஆங், கால் கீது, நடக்குறாங்க" என்று மட்டும் சொல்வான்.

போன திங்கட்கிழமை மண்டிக்குச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். வில்சன் வந்து தன் சீட்டை வாங்குவான் என்று காத்திருந்து பிரசிடெண்டுக்கு அலுத்துப்போனதாம். அன்று நான் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவன் பாதி வழி தாண்டியிருந்தான். பின்னால் சங்கிலி விழும் சத்தம் கேட்டது. பதினைந்து மூட்டை ஏற்றிய வண்டி உள்ளே வந்தது. கூட்டம் பழைய வழக்கப்படி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது. பாஞ்சாலி கூடையைப் பின்னுக்கு இழுத்தாள். ஓரம் போகாமல் இருந்தவன் ஒருவன்தான்.

"ஓரம் போ நைனா, சீட்டு கீது" என்றான் வண்டிக்காரன். காளைகளின் மூச்சு வில்சனின் பிடரியில் படும் தூரத்தில் வண்டி நின்றது. "ஏய், சொல்லிகினே கீறேன்ல?"

ராஜகோபால் மண்டி வாசலுக்கு வந்தார். கோபப்படவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி, "வில்சா, ஒனக்கும் ஒரு சீட்டு எழுதி ஆபீசுல வெச்சிகீது. போய் வாங்கிக்க. நல்லா சக்கரத்துல உக்காந்து வரலாம். இன்னாத்துக்கு இந்த நொண்டி வீம்பு?" என்றார்.

தூக்கை இறக்கி வைத்துவிட்டு இரண்டு எட்டு முன்னால் போனேன். வில்சன் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினான். நான் நின்றுவிட்டேன்.

"நீங்க அன்னிக்கு நடந்து காட்டச் சொன்னீங்க" என்று ராஜகோபாலிடம் சொன்னான். குரல் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. "நடந்துகினுதாங்க கீறேன். பாருங்க."

பாஞ்சாலி கூடையைத் தூக்கினாள். ஓரத்துக்குப் போகவில்லை. தெருவின் நடுவுக்கு வந்து, அவனுக்கு ஒரு முழம் தள்ளி இறக்கி வைத்தாள்.

வண்டிக்காரன் தார்க்கோலை எடுத்து, என்ன செய்வது என்று முதலாளியைப் பார்த்தான். வில்சன் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையிலிருந்து கட்டையைக் கழற்றி முன்னால் தரையில் வைத்தான். இடது கையிலிருந்ததைப் பல்லால் வாரைத் தளர்த்திக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான். இடது கட்டை அரை அங்குலம் பின்னால் இருந்தது. இரண்டும் சமமாகும்வரை, மிச்சமிருந்த விரலால் அதை மெல்லத் தட்டினான்.