சண்முகம் மாமாவின் கட்டில்

அந்தப் பொங்கலன்று மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் தெருவில் எல்லோரும் இருந்தோம், சண்முகம் மாமா மட்டும் காய்ச்சலென்று வீட்டுக்குள் படுத்திருந்தார். இன்று கொண்டாப்பூரில், எங்கள் அபார்ட்மெண்ட் விழாவுக்குச் சாலையை மறித்துக் கட்டிய பந்தல் துணியின் ஈரவாடையில் அந்தத் தெரு திரும்பி வந்தது.

வருடாவருடம் பொங்கல் கோலங்களுக்காகத் தெருமுனையை மூடுவது மாமாவின் கயிற்றுக்கட்டில்தான். அதில் உட்கார்ந்து வருகிற ஸ்கூட்டரையெல்லாம் "நக்கோ பாய், ரஸ்தா பந்த்", வழி மூடியாச்சு என்று அந்த ஊர் உருதுவில் திருப்பி அனுப்புவார், "கட்டில்ல உக்காந்தா கலெக்டர்னு நெனப்பு" என்று அவர் மனைவி, எங்கள் அத்தை, சிரிப்பாள், தண்ணீர் லாரியோ நோயாளியோ வந்தால் மட்டும் எழுந்து கட்டிலை ஓரமாக நகர்த்தி வைப்பார். அவர் இல்லாத அந்த வருடம், அப்பாவும் மற்றவர்களும் இரண்டு முனையிலும் மூங்கில் நட்டு இறுகக் கட்டிவிட்டார்கள்.

மாலையில் மாமாவுக்கு நெஞ்சு அடைத்தது. ஆட்டோ மூங்கிலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. "அவுருங்கடா!" என்று அத்தை கத்தக் கத்த முடிச்சு அவிழவில்லை, அதே கட்டிலில் அவரைக் கிடத்தி, கோலங்களை மிதித்துக்கொண்டு, மூங்கிலுக்கடியில் குனிந்து தூக்கிப்போனார்கள். ஆஸ்பத்திரி சேரும் முன்பே போய்விட்டார்.

அதன்பிறகு யாரும் அந்தத் தெருவை மூடவில்லை. இப்போது குவார்ட்டர்ஸே இல்லை, இடித்துவிட்டார்கள்.

அந்தப் பொங்கலில் மூங்கிலுக்கும் கயிற்றுக்கும் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் பங்கு விழுந்தது. காரியம் முடிந்த மறுநாள் அத்தையும் தன் ஐம்பது ரூபாயைக் கொடுத்தனுப்பினாள்.