ஊர்ப் பெயர் போட்ட கட்டுரை

மேடத்தை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அந்தக் கம்ப்யூட்டர் திரையும் அதிலிருந்த சின்னப் பூட்டுப் படமும்தான். அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்திருந்தது. திறக்கப் போனால், படிப்பதற்கு இத்தனை டாலர் கட்டு என்றது திரை. எழுதியவர் அவர். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, குடிக்கிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்தவள் நான். எங்கள் மருத்துவக் கல்லூரி அந்த இதழுக்குச் சந்தா கட்டவில்லை என்பதால் இரண்டு பேருக்குமே உள்ளே போக வழியில்லை. மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். "நம்ம வூட்டுக்குள்ள போவ நாமளே டிக்கெட் வாங்கணுமாம்டி" என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சமூக மருத்துவத் துறைக்கு அவர் தலைவி. சந்தேகம் அவர் ரத்தத்தில் ஊறியது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனைப் பையில் போட மாட்டார். நாங்கள் எழுதிக் கொண்டுவரும் அளவுகளையும் அப்படியேதான் பார்ப்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வில்லியனூர்ப் பக்கம் கரும்பு போடும் குடும்பம் எங்களுடையது. ஆலையின் எடை மேடையை முறைத்துப் பார்த்தே வளர்ந்தவள். அதனால்தானோ என்னவோ எங்களுக்கு ஒத்துப்போனது.

ஆய்வு நடந்தது புதுச்சேரியில், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த நல்லாத்தாகுப்பம் என்ற மீனவர் ஊரில்தான். சுனாமிக்குப் பிறகு அங்கே போர்வெல் தண்ணீர் உப்பு கரித்தது. கர்ப்பிணிகளுக்கு அழுத்தம் ஏறுவதற்கும் அந்தத் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி. ஊர்த் தலைவர் ஒரு நிபந்தனை போட்டுத்தான் எங்களை உள்ளே விட்டார். அங்கே பிடித்த மீனை எல்லார் கண்முன்னும் மணலில் கொட்டித்தான் ஏலம் விடுவார்கள்; தனியே பேசி முடித்த எதுவும் செல்லாது. அதேபோலத் தங்கள் ஊரைப் பற்றி எழுதியதைத் தங்கள் ஊர்க் கூட்டத்தில் படிக்க வேண்டும் என்றார். மேடம் தலையாட்டிவிட்டு வந்தார்.

கட்டுரை வந்தபின் பார்த்தால், உரிமை முழுவதையும் இதழுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தமிழில் பெயர்த்து ஊரில் கொடுத்தால் வழக்கு வரும் என்று நூலகத்தில் பயமுறுத்தினார்கள். மேடம் போட்ட கையெழுத்துக்குப் பயப்படுகிற ஆள். நாளைக் கடத்தினார். போய் வாயால் சொல்லிப் பார்த்தோம். தலைவர் ஏற்கவில்லை. "வாயால யாரு வேணா இன்னா வேணா சொல்லலாம் மேடம். எழுதுனத காட்டு. எங்க பொம்பளைங்க பிரசர எழுதிகினு போயி எவன்கிட்ட குடுத்த?"

அன்றோடு கதவு சாத்தப்பட்டது. அழுத்தம் பார்க்க யாரும் விடவில்லை. நான் கவலைப்பட்டது தலைவரின் மருமகளை நினைத்துத்தான். முதல் பிரசவத்தில் அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, பிள்ளையைப் பறிகொடுத்தவள். மறுபடி முழுகாமல் இருந்தாள். தெருவில் பார்த்தால் வீங்கிய காலோடு நடப்பாள். கூப்பிட்டால் மாமனார் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த நேரத்தில்தான் எங்களிடம் கட்டுரை கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து நடத்தும் இதழாம். எழுதுபவரும் கட்ட வேண்டாம், படிப்பவரும் கட்ட வேண்டாம். உரிமை எழுதியவரிடமே இருக்கும். கட்டுரையை மதிப்பிடுபவர் தன் பெயரை மறைக்க மாட்டார். அந்தந்த ஊர் மொழியிலும் சேர்த்து வெளியிடுவார்கள். இப்படி இனிக்க இனிக்க எழுதி ஏமாற்றும் இதழ்கள் தினமும் வலை வீசும் என்பதால் நான் அழித்துவிடலாம் என்றேன். "இனாம்னாலே எனக்கு முதுகு அரிக்குது" என்றார் மேடம். ஆனாலும் யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்டு எழுதினார். பல தேசத்துப் பல்கலைக்கழகங்கள் பங்கு போட்டுக்கொள்வதாகப் பதில் வந்தது. அதையும் நம்பாமல், ஆளை முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றார்.

வீடியோவில் வந்தவர் வங்கதேசத்துக் கடற்கரையில் வேலை பார்க்கும் மருத்துவர். அங்கேயும் இதே உப்புத் தண்ணீர்தானாம். நான் மேடத்தின் பின்னால் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: முதல் கட்டுரையை அந்த ஊரில் படித்துக் காட்டினீர்களா? மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரில் படித்துக் காட்டாத கட்டுரையைத் தாங்கள் வெளியிடுவதில்லை என்று அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். "என்னியே சந்தேகப்படுறான் பாரு" என்று பொரிந்த மேடம், டீ குடித்து முடிப்பதற்குள் குளிர்ந்துவிட்டார். "நம்மள மாதிரி ஆளுதான்டி. எழுதலாம்."

இரண்டாம் கட்டுரையை, கையிலிருந்த மீதி அளவுகளோடு முதல் ஆய்வின் முடிவுகளையும் புது வார்த்தைகளில் சேர்த்து எழுதினோம். எழுதியதைக் காட்டியதும் தலைவர் ஊரைக் கூட்ட, மாரியம்மன் கோயில் வாசலில் படித்தோம். தமிழில் படித்தவள் நான். "தென்னிந்தியக் கடலோரக் கிராமம் ஒன்றில்" என்று தொடங்கியதுமே தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எந்த ஊரு அது?"

"உங்க ஊர்தாங்க. உங்களுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு மறைச்சிருக்கோம்" என்றார் மேடம். ஊர்ப் பெயரை மறைப்பதுதான் நேர்மை என்று எங்களுக்குப் பாடம். கூட்டம் கொதித்துவிட்டது.

"பேரே இல்லாம எழுதிகினு போனா எந்த ஊருக்கு நல்ல தண்ணி வுடுவான்? எங்க கஷ்டத்த வேற ஊருக்கு எழுதிக் குடுக்கவா வந்தீங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"பேரப் போட்டா நாளைக்கி எவன்டா நம்ம பொண்ணுங்கள கட்டுவான்?" என்று பின்னாலிருந்து ஒருவர் எகிறினார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

தலைவரின் மருமகள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "என் புள்ள செத்தது இந்த ஊர்லதான மாமா? அப்ப ஊரு பேரு போடட்டும்." நேராக என்னிடம் வந்து புடவைத் தலைப்பை ஒதுக்கி, கையை நீட்டினாள். "பிரசர் பாருக்கா."

ஊரே பார்க்க அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். முள் இறங்கியதும் இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன். நோயாளியின் அளவைத் தனியேதான் சொல்ல வேண்டும்; மேடத்தைப் பார்த்தேன். "சத்தமா சொல்லுக்கா, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள் அவள். நூற்றறுபதைத் தாண்டிவிட்டது என்று சொன்னேன். தலைவர் செருப்பைக்கூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

மேடம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கட்டுரை தமிழிலும் ஆங்கிலத்திலும் திறந்தே கிடக்கிறது, தலைப்பிலேயே ஊர்ப் பெயரோடு. நல்ல தண்ணீர் பாதித் தெருவுக்குத்தான் வந்திருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று அந்த இதழை வாங்கிவிடுமோ, மறுபடி பூட்டிவிடுமோ என்ற அரிப்பு எனக்குத் தீரவில்லை. போன வாரம், அன்று வயிற்றிலிருந்த மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்த தலைவரின் மருமகளிடம் இதைச் சொன்னேன். அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்துக் கட்டுரையைத் திறந்து காட்டினாள்.

"நான் அப்பப்ப பாத்துகினுதான்கா இருக்கேன், நம்ம பேர எடுத்துட்டானுங்களான்னு."